பலூன் வைத்த நாள்

எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது, யாரும் கம்பு எடுத்துக்கொண்டு வந்து தடுப்பதும் இல்லை. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். டீக்கடையில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று அவருக்குக் கூச்சம். பார்க்கட்டுமே, கட்டிய தாலிக்கு அதுகூட இல்லையா என்று எனக்கு எரிச்சல். நாங்கள் இரண்டு பேரும் கைபிடித்து நடந்தது இதுவரை ஒரே ஒரு இடத்தில்தான். புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு வெளியே உள்ள வராந்தா அது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தோம்.

அவருக்கு துபாயில் ஏசி குழாய் மாட்டும் வேலை. இலுப்பூர் பக்கம் அவர் ஊர். அங்கே வீட்டுக்கு ஒருவராவது அப்படி வெளியே இருப்பார்கள். கல்யாணத்துக்கு வந்தவர் விடுப்பு முடிந்து விமானம் ஏறிய பிறகுதான் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. போனில் சொன்னேன். சந்தோஷத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், "நல்லாச் சாப்டு, நல்லாச் சாப்டு" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவர் அப்பா வெளிநாட்டில் இருந்தபோது பிறந்தவர் அவர். நடக்க ஆரம்பித்த பிறகுதான் அப்பாவைப் பார்த்தாராம். பார்த்ததும் பயந்து மாட்டுக் கொட்டகைக்குள் ஓடி ஒளிந்துகொண்ட கதையை அவர் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். "எம் புள்ள மொகத்த மொதல்ல நாந்தான் பாக்கணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதற்காக சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்து வரவேண்டிய விடுப்பையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஸ்கேனில் கொடுத்த தேதியைக் கணக்குப் பண்ணி வந்து சேர்ந்தார்.

வந்தாரே தவிர, நான் வளைகாப்பு முடிந்து குடுமியான்மலைப் பக்கம் என் அம்மா வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை வந்தால் எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அப்பா எதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவார். சித்தப்பா வந்து துபாயில் வெயில் எப்படி என்று கேட்பார். போன தடவையும் இதையேதான் கேட்டார். கோழி அடிப்பார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். கடல் தாண்டி வந்தவரை ஒரு சுவர் தாண்டிப் போய்ப் பார்க்க முடியாமல் எனக்கு அழுகை அழுகையாக வரும்.

தேதி வந்தது, போனது. வயிற்றுக்குள் இருந்தவள் வெளியே வருவதாகத் தெரியவில்லை. அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்த்தாள், வாசல் பெருக்கச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஒரு தடவை டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார். தள்ளிப் போட்ட தேதியும் நெருங்கி வந்தது. கடைசியில் டாக்டர் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்.

"மொதப் பிரசவம், கர்ப்பப்பை வாய் இன்னும் இறுக்கமா இருக்கு. மருந்துக்கு முன்னாடி பலூன் வச்சுப் பாப்போம்" என்றார். பலூன் என்றதும் எனக்குத் திருவிழா பலூன்தான் ஞாபகம் வந்தது. அது மெல்லிசான ஒரு ரப்பர் குழாய். அதன் நுனியில் சின்னதாக ஒரு பை. உள்ளே விட்டு, அந்தப் பையில் தண்ணீர் ஏற்றினார்கள். அது அங்கேயே இருந்து வாயை மெல்ல மெல்ல அழுத்தித் திறக்குமாம். வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். குழாயின் மறுமுனையை லேசாக இழுத்துத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். கூட இருந்த சிஸ்டர், "வெளிய வந்துருச்சுன்னா ஒடனே வந்து சொல்லணும், சரியா?" என்றார். டாக்டர் இன்னும் ஏதேதோ விளக்கினார். வலியில் என் காதில் எதுவும் ஏறவில்லை. "எந்திரிச்சு நல்லா நடம்மா" என்றது மட்டும் ஏறியது.

வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். வராந்தா வரைக்கும் வரலாம். அவர் அங்கே ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி வைத்து வாத்து மாதிரி வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் பதறிப் போனார்.

"என்ன, வலிக்குதா?"

"வலி இல்ல. நடக்கச் சொல்லிருக்காக. நீங்க வாங்க."

இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தார். எங்கள் ஊர் டீக்கடை அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு கையை நீட்டினார். ஏசி குழாய் மாட்டி மாட்டி உள்ளங்கையெல்லாம் காய்ப்புக் காய்த்த கை. நான் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு முழுக்க நடந்தோம். வராந்தாவின் ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு முனையில் ஒரு வேப்பமரம். தொட்டிக்கும் மரத்துக்குமாகப் போய் வந்தோம். எத்தனை தடவை என்று யார் கணக்கு வைத்தது? குழாய் தொடையில் உறுத்தியது. இடுப்பு கனத்தது. நான் நின்றால் அவரும் நின்றார்.  முதல் கொஞ்ச நேரம் பெண் பார்க்க வந்த அன்று இருந்த மாதிரிக் கூச்சமாக இருந்தது. அப்புறம் அவர் ரூமைப் பற்றிச் சொன்னார். அடுக்குக் கட்டிலில் மேலே அவர் படுப்பது, கீழே படுப்பவர் குறட்டை, வெள்ளிக்கிழமை துணி துவைக்க வரிசையில் நிற்பது எல்லாம் சொன்னார். போனில் ஒரு நாளும் அதையெல்லாம் சொன்னதில்லை. நான் எனக்கு இருட்டென்றால் பயம் என்று சொன்னேன். இவ்வளவு நாளும் அவர் வீட்டில் தனி அறையில் லைட்டைப் போட்டுக்கொண்டு தூங்கியதை, கரண்ட் பில் ஏறுதே என்று என் மாமியார் கேட்டபோது மழுப்பியதை, எல்லாம் சொன்னேன். சிரித்தார். அவர் பல் வரிசை நன்றாக இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு வயசான அம்மா, மகள் பிரசவத்துக்கு வந்தவர், எங்களைப் பார்த்து, "சோடியாவுல்ல நடக்குதுக" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். இவர் கையை உருவப் பார்த்தார். நான் விடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மரத்தடியில் நின்றபோது அவர் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் பிளைட்டு. நான் யோசிச்சு வச்சிருக்கேன். இந்தப் பலூன் வேலை செஞ்சு நாளைக்குப் பொறந்துரும்னு தெரிஞ்சா, என்ன ஆனாலும் சரி, டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு இருந்துர்றேன். வேலைய விட்டு நிறுத்துனா நிறுத்தட்டும். ஆனா இது ஒத்து வரலேன்னா, இன்னும் எத்தனை நாளுன்னு தெரியாம நான் எப்புடி நிக்கிறது? நீயே சொல்லு."

அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? நான் தலையாட்டினேன். அன்றைக்கு நான் வேண்டாத சாமி இல்லை. இந்தச் சின்ன ரப்பர் பை எப்படியாவது அங்கே ஒழுங்காக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உட்கார வேண்டும் என்று வேண்டினேன் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

விடிந்ததும் கக்கூஸுக்குப் போனேன். அம்மா கதவுக்கு வெளியே நின்றாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. பார்த்தால் குழாய், பை, எல்லாம் முழுசாக வெளியே வந்து கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா உள்ளே ஓடி வந்தாள். பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "நிக்கலியா ஆத்தா?" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் எங்கேயிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் அவளுக்கு இரண்டு நிற்கவில்லை. குறைமாசத்திலேயே போய்விட்டன. அந்த இடத்திலிருந்து எது நழுவி விழுந்தாலும் அவளுக்கு அது கெட்ட செய்திதான். எனக்கும் வேறு மாதிரி நினைக்கத் தெரியவில்லை. கையில் குத்திய டிரிப்ஸ் ஊசி கழன்றால் சிஸ்டர் திட்டுவாரே, அந்த மாதிரிதான் இதையும் நினைத்தேன். வெளியே வந்தால் உடனே சொல்லணும் என்று எச்சரித்தாரே, நாம் சரியாக வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நேற்று அவ்வளவு நடந்ததுதான் காரணமோ என்றும் தோன்றியது. கையைப் பிடித்து நடந்த ஆசையில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் கூசிப் போனேன்.

அம்மா அந்தக் குழாயை எடுத்து, குளிக்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, என் துண்டில் சுற்றி வைத்தாள். டாக்டர் வந்ததும் காலில் விழுந்தாவது திரும்ப வைக்கச் சொல்லலாம் என்று அவள் நினைப்பு. சிஸ்டரிடம் உடனே சொல்லப் பயம். அதற்குள் அவர் வராந்தாவுக்கு வந்துவிட்டார். அம்மா போய்ச் சொன்னதை வார்டு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் அவள் அதிகம் பேசியதில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தூணைப் பார்த்துச் சொன்னாள்.

"தம்பி, அது நிக்கலங்க. விழுந்துருச்சுங்க."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. விழுந்துவிட்டது என்றால் விழுந்துவிட்டதுதானே, அதில் கேட்க என்ன இருக்கிறது?  பிறகு கதவருகே வந்தார். அவருடைய நல்ல போனை, ஊர் சிம்மோடு, என் கையில் கொடுத்தார். அவர் பையில் பழைய போன் ஒன்று இருக்கிறது, அங்கத்திய சிம் அதில்தான், அங்கே இறங்கினால்தான் அது வேலை செய்யும்.

"பொறந்த ஒடனே இதுல மொகத்தக் காட்டு. என்ன?"

போகாதீங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. "சாப்ட்டீகளா?" என்றுதான் கேட்டேன்.

"ஏர்போர்ட்ல பாத்துக்கிர்றேன்" என்றார். என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தத் தடவை அவர் வேகமாக நடக்கவில்லை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால் சிஸ்டர் வந்தார். "பலூன் எப்புடிம்மா இருக்கு?" என்று பார்த்தவர், அது இல்லாததைக் கண்டு திகைத்தார். அம்மா துண்டைப் பிரித்துக் காட்டினாள். "சுத்தமாக் கழுவி வச்சிருக்கேன் சிஸ்டர். எம் மக வேணும்னு பண்ணல. கொஞ்சம் திரும்ப மாட்டி விட்டுருங்க."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரிகளும் சேர்ந்து சிரித்தார்கள். "ஏம்மா, அது விழணும்னுதானே வச்சதே! வாய் தெறந்துக்கிட்டா அது தன்னால கீழ வந்துரும். நல்ல சகுனம்மா. இன்னைக்குப் பேரப்புள்ளையப் பாத்துருவீங்க, போங்க" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அம்மா தன் பட்டன் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கி, மாப்பிள்ளை நம்பரைத் தேடி அழுத்தினாள். என் தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

அது அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டாண்டில் ஏதோ ஒரு காரைப் பிடித்துப் போயிருந்தார். டிரைவர் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. பின்னாலேயே ஏர்போர்ட்டுக்கு ஓட எங்களோடு ஆண்பிள்ளை யாரும் இல்லை. பழைய போனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். "ஏங்க, வந்துருங்க. அது வேலை செஞ்சிருச்சு. வந்துருங்க." ஒற்றை டிக் விழுந்தது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. டிரிப்ஸ் ஏற்றி, வலி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையேதான் பார்த்தேன். பிரசவ அறைக்குக் கொண்டுபோகும்போது சிஸ்டர் போனை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். அப்போதும் ஒற்றை டிக்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் பிறந்தாள். தலை நிறைய முடி. பார்த்தவர்கள் எல்லோரும் அப்படியே அப்பன் என்றார்கள். அந்த அப்பன் அந்நேரம் வானத்தில் எங்கேயோ இருந்தார். பெற்ற களைப்பில் தூங்கிவிடுவேன் என்றார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. போனை வாங்கி முதல் வேலையாக அந்தப் பேச்சை அழித்தேன். ஒருத்தர் இறங்கியதும் கேட்கிற முதல் வார்த்தை, வந்துருங்க என்பதாக இருக்கக் கூடாது.

இறங்கியதும் அவரே வீடியோவில் கூப்பிட்டார். அம்மாதான் எடுத்தாள். பெண் பிள்ளை என்றதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு, "நேத்து வச்சது விழுந்துருச்சுன்னீங்களே அத்தை, அப்பறம் எப்புடி?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

"வேற மருந்து ஏத்துனாங்களா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா" என்றேன். ஒரு வகையில் பொய்யும் இல்லை, டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள்தான். "அப்புடின்னா அந்தப் பலூன் வேஸ்ட்டு" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அவளும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளை வந்தால் மட்டும் அவள் பரிமாறும் கை கொஞ்சம் அதிகமாகவே அள்ளிப் போடும்.

மகளை அவர் நேரில் முதலில் பார்த்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வீறிட்டு என் காலைக் கட்டிக்கொண்டாள். நல்லவேளை, ஓடி ஒளிய அந்த மாட்டுக் கொட்டகை இப்போது இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அந்த விடுப்பில் நாங்கள் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கம்போல் அவர் முன்னால் போனார். எனக்கு முன்பு மாதிரி எரிச்சல் வரவில்லை. கை மட்டும் சும்மா தொங்கிக்கொண்டு வந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மகள் இப்போது வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் ஒரு நாள் அவளை அனுப்பிவிட்டுக் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தபோது அவர் வீடியோவில் வந்தார். அவர் ரூமில் தங்கியிருக்கும் மணமேல்குடிப் பையன் ஒருவன் மனைவியின் பிரசவத்துக்காக ஊருக்கு வந்திருந்தான். தலைப்பிரசவம். நாள் தள்ளிப் போய்விட்டது. மறுநாள் அவன் திரும்ப வேண்டும்.

"நம்ம கதையேதான்" என்றார். "பலூன் வச்சிருக்காங்களாம். என்னண்ணே பண்றதுன்னு கேட்டான். எங்களுக்கே விழுந்துருச்சுடா, அதெல்லாம் வேலைக்காவாது, விழுந்துருச்சுன்னா காத்துக்கெடக்காம கெளம்பி வந்துருன்னு சொல்லிருக்கேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். சொல்லாமல் விட்டால் எங்கள் வீட்டுக்குள் எல்லாம் அப்படியே இருக்கும். மணமேல்குடியில் எவளோ ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று சாப்ட்டீகளா என்று கேட்பாள்.

"அவரக் கெளம்பச் சொல்லாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"அது விழுந்தாத்தாங்க நல்லது. வாய் தெறந்தாத்தான் விழும். அன்னைக்கே பொறந்துரும். அவர எங்கிட்டும் போகாம இருக்கச் சொல்லுங்க."

அவர் முகம் அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு இமை அசைந்தது.

"அப்ப அன்னைக்கு..."

"ம்" என்றேன்.

"இரு. அவனுக்கு அடிச்சுச் சொல்லிட்டு வாரேன்" என்று வைத்தார். குழம்பு அடிப்பிடித்து, நான் அடுப்பை அணைத்து, அப்புறமும் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டார். முகம் கழுவியிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார்.  போனை வைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. மகளுக்கு வாங்க வேண்டிய ஷூ அளவைக் கேட்டார், சொன்னேன்.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மணமேல்குடிப் பையன் அவருக்கு அனுப்பியதை எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தப் பையன் நிற்கிறான். அவர் எதுவும் எழுதவில்லை. பிள்ளை யார் சாடை என்று நான் பார்க்கவில்லை. அந்தத் தகப்பன் முகத்தைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் நிறைந்து, வாய் திறந்து, உலகத்தில் வேறு எதுவுமே இல்லாத மாதிரி நிற்கிறான். இவருக்கு அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவை பார்த்தால் போதும் போல எனக்கு இருக்கிறது.